மெய் கரைந்த குரல்

செரீனா-மனீஷ் என்ற பெயரை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ வட இந்தியக் கல்யாணப் பத்திரிகை என்றுதான் நினைத்தேன். மணமகள் செரீனா, மணமகன் மனீஷ். உண்மையில் அது நார்வேயின் ஒஸ்லோ நகரத்து இசைக்குழு. 2005-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கும் அதே பெயர்தான். பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஈப்போ சீன நண்பன் ஒருநாள் தன் ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் தள்ளிவிட்டு, "உனக்குத் தூக்கம் வரலன்னா இதைக் கேளு, இன்னும் வராது" என்றான்.

இறுதியாண்டு ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரம். யாராவது பேசினால் எழுத முடியாது. யாரும் பேசாவிட்டாலும் எழுத முடியாது. ஹெட்போனை மாட்டி முதல் பாட்டைப் போட்டேன். 'டிரெயின் காஸ்மெட்டிக்ஸ்'. கிட்டார் என்று சொன்னால்தான் கிட்டார் என்று தெரிகிற சத்தம். ஒரு பெரிய தகரக் கூரைமேல் மழை பெய்துகொண்டே இருக்க, அந்தக் கூரையையே யாரோ வளைப்பது மாதிரி. அந்த மழைக்கு அடியில் ஒரு குரல். பாடுகிறது என்று தெரிகிறது. என்ன பாடுகிறது என்று தெரியவில்லை. பாடுவது எமில் நிக்கோலைசன், பேஸ் வாசிப்பது அவருடைய சகோதரி ஹில்மா என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான், ஆனால் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பதினோரு பாட்டு. கடைசிப் பாட்டு 'யுவர் பிளட் இன் மைன்' பத்து நிமிஷத்தைத் தாண்டி ஓடும். ஏழெட்டு வருஷமாக இந்த ஆல்பத்தைக் கேட்கிறேன். ஒரு பாட்டின் வரிகளைக்கூட நான் தேடிப் படித்ததில்லை. படித்துவிட்டால் ஏதோ கெட்டுப்போய்விடும் என்று ஒரு பயம்.

இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது. ஒரு குரலை வெறும் சத்தமாகக் கேட்டு ரசிப்பது சரியா என்ற கேள்வியைப் பற்றியது. கேள்வி சின்னதாகத் தெரியலாம். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தெரிந்தது.

இந்த வகை இசைக்கு ஷூகேஸ் என்று பெயர். காலணியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று அர்த்தம். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர் இது. மேடையில் நின்ற இளைஞர்கள் ரசிகர்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே வாசித்தார்கள். கூச்சம் ஒரு காரணம். தரையில் வரிசையாகக் கிடந்த எஃபெக்ட் பெடல்களைக் காலால் மிதித்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம். இந்த வகையின் உச்சம் என்று பலரும் சொல்வது மை பிளடி வேலன்டைன் குழு 1991-இல் வெளியிட்ட 'லவ்லெஸ்'. அதில் பிலிண்டா புட்சரின் குரல் கிட்டார்களுக்கு மேலே நிற்காது, அவற்றுக்குள் ஊறிக் கிடக்கும். சில பாட்டுகளை அவர் அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு வந்து பாடினார் என்று சொல்லியிருக்கிறார். கேட்டால் நம்பலாம் போலத்தான் இருக்கும்.

சாதாரணப் பாட்டில் குரல் முதலாளி, வாத்தியங்கள் வேலையாட்கள். பாடகர் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதற்காக மற்ற எல்லாம் ஒதுங்கி நிற்கும். ஷூகேஸில் குரலும் வேலையாட்களோடு சேர்ந்து நிற்கிறது. செரீனா-மனீஷ் இதை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்கிறார்கள். ஆங்கிலம் அவர்களுடைய தாய்மொழியும் இல்லை. பிறத்தியார் மொழியில் பாடி, அதையும் இரைச்சலில் மூழ்கடித்து, அப்புறம் நம்மிடம் தருகிறார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு குகைக்குள்ளேயே போய் ஒலிப்பதிவு செய்தார்கள் என்றால் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம்.

தமிழ்ப் பாட்டோடு எனக்கு இந்த நிம்மதி கிடையாது. தமிழ்ப் பாட்டில் வரி என் சட்டைக் காலரைப் பிடித்துவிடும். அம்மா என்று ஒரு சொல் வந்தால் என் அம்மா வந்துவிடுவார். அப்புறம் அறிக்கை எங்கே எழுதுவது? நார்வேக்காரர்கள் என்னை விட்டுவிட்டார்கள். உணர்ச்சி மட்டும் வந்தது, அதற்கான பில் வரவில்லை.

மின்னணுப் பொறியியல் படித்தவனுக்கு இரைச்சல் என்பது முதலாம் ஆண்டிலேயே வரும் சொல். சைகை ஒரு பக்கம், இரைச்சல் ஒரு பக்கம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை டெசிபெல்லில் எழுத வேண்டும். 1948-இல் கிளாட் ஷானன் எழுதிய தகவல் தொடர்புக் கோட்பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாக ஒதுக்கிவிடுகிறார். செய்திக்கு அர்த்தம் இருக்கலாம், ஆனால் பொறியியல் சிக்கலுக்கு அந்த அர்த்தம் தேவையில்லை என்கிறார். இந்த முனையில் அனுப்பியது அந்த முனையில் அப்படியே போய்ச் சேர்ந்ததா, அவ்வளவுதான் கணக்கு. இன்று கைபேசியில் நாம் பேச முடிவது அந்தத் துணிச்சலான ஒதுக்கலால்தான்.

அப்போ இரைச்சல் என்றால் என்ன? என் விரிவுரையாளர் ஒரே வரியில் சொன்னார். நமக்கு வேண்டாதது இரைச்சல். நான் எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் எழுதினேன். 'நமக்கு' என்ற சொல்லில் யாரெல்லாம் அடக்கம் என்று அப்போது யோசிக்கவில்லை.

வேலை கிடைத்தது பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலையில். உலோகத் தகடுகளை அச்சில் வெட்டும் ஸ்டாம்பிங் பிரஸ் வரிசை என் பொறுப்பு. அந்தக் கூடத்துக்குள் போனால் பேச்சு கிடையாது, கையசைப்புதான். நம் நாட்டில் 2019-இல் வந்த இரைச்சல் விதிகளின்படி ஒரு தொழிலாளி ஒரு நாளில் எதிர்கொள்ளும் சராசரி அளவு 85 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. அதற்கு முன்பு 1989-ஆம் ஆண்டு விதிகளில் அந்த எல்லை 90. ஐந்து எண்தானே என்று தோன்றும். ஆனால் டெசிபெல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85-க்கும் 90-க்கும் நடுவில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். 2018-இல் சட்டப்படி சரியாக இருந்த ஒரு காது, 2019-இல் சட்டப்படி ஆபத்தில் இருந்த காது. காதுக்கு இது தெரியாது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இயர்மஃப் மாட்டிக்கொள்வேன், அது விதி. அதற்குள்ளே ஒரு காதில் சின்ன இயர்பட் மாட்டிக்கொள்வேன், அது விதிமீறல். பிரஸ்ஸின் தடதடப்புக்கு மேலே நிக்கோலைசனின் தடதடப்பு. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் சில நிமிஷங்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்கு நானே ஒரு ரசனையுள்ள பொறியாளனாகத் தெரிந்தேன்.

அந்த வரிசையில் ஒரு வங்காளதேசத் தொழிலாளி இருந்தார். என்னைவிடப் பத்து வயசாவது பெரியவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை போஸ் என்பார். எந்த பிரஸ் எப்போது மக்கர் பண்ணும் என்று எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அச்சு தேயத் தொடங்கினால் அடிக்கும் சத்தம் கொஞ்சம் மாறுமாம். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். அதைக் கேட்பதற்காக அவர் அவ்வப்போது காதிலிருந்து பஞ்சு பிளக்கை உருவிவிடுவார். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். அவரால் எத்தனை அச்சு பிழைத்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு இரைச்சலாக இருந்தது அவருக்குச் சைகையாக இருந்தது. அதற்கு நாங்கள் முதுகில் தட்டிக் கொடுத்தோம்.

ஒருநாள் அவர் என் தோளைத் தட்டினார். தன் காதைக் காட்டி, "பூஞி, போஸ். பூஞி" என்றார். மலாயில் பூஞி என்றால் சத்தம். நான் இயர்மஃப்பைப் பாதி தூக்கினேன். இயர்பட்டை எடுக்கவில்லை. மெசின் என்றால் சத்தம் போடத்தான் செய்யும், பிளக் போட்டுக்கோ என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "மாலாம் பூன் பூஞி" என்றார். ராத்திரியிலும் சத்தம். இரவு ஷிப்டைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓகே ஓகே என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். காதில் எந்தப் பாட்டு ஓடியது என்று ஞாபகம் இல்லை. ஓடியது ஞாபகம் இருக்கிறது.

ஏழு மாதம் கழித்து வருடாந்தரச் செவிப் பரிசோதனை வந்தது. அவருடைய முடிவை மேசையில் வைத்தபோதுதான் எனக்கு அந்த இரண்டு வாக்கியமும் புரிந்தது. அவர் மெசினைச் சொல்லவில்லை. காதுக்குள் சத்தம் கேட்கிறது, ராத்திரி படுத்த பிறகும் நிற்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். கூடத்துக்குள் வராத சத்தம், அவர் தலைக்குள் மட்டும் ஓடும் சத்தம். அதைச் சொல்ல அவரிடம் இருந்த மலாய் அவ்வளவுதான். அதைக் கேட்க என்னிடம் இருந்த காது ஒன்றுதான், இன்னொன்று நார்வேயில் இருந்தது.

செவிப் பரிசோதனையின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரைச்சலால் கெட்ட காதின் கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம்போல விழும். கீழ் அலைவரிசைகள் நன்றாகவே இருக்கும். அதனால்தான் பாதிக்கப்பட்டவருக்கு ரொம்ப நாள் தெரியாது. 'எல்லாம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியல' என்பார்கள். காரணம் எளிது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் வலிமை கீழ் அலைவரிசைகளில் இருக்கிறது. ஸ, ஃப போன்ற உரசல் ஒலிகளும், சொல்லுக்கு விளிம்பு கட்டும் பல மெய்யொலிகளின் கூர்மையும் மேலே இருக்கின்றன. பள்ளம் விழும்போது அவைதான் முதலில் போகும்.

தமிழ் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர்களை அன்றுதான் வேறு மாதிரி படித்தேன். உயிர், மெய். அந்த மனிதரின் காதில் மெய் கரைந்து உயிர் மட்டும் மிஞ்சிக்கொண்டிருக்கிறது. தாக்காவுக்குப் பக்கத்திலிருந்து அவர் மகள் கைபேசியில் பேசினால் மகள் பேசுகிறாள் என்று தெரியும். குரலின் சூடு தெரியும். என்ன கேட்கிறாள் என்பது கலங்கலாக இருக்கும். உட்செவியில் இருக்கும் அந்த நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை.

மெய் கரைந்து உயிர் மட்டும் மிஞ்சிய குரல். நான் எங்கே இதைக் கேட்டிருக்கிறேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏழெட்டு வருஷமாக நான் காசு கொடுத்துக் கேட்பது இதைத்தான்.

அதற்குப் பிறகு சில மாதம் அந்த ஆல்பத்தை என்னால் போட முடியவில்லை. நண்பனிடம், அதே ஈப்போ நண்பனிடம், சொன்னேன். "பாட்டு என்னடா பண்ணுச்சு? நீதானே இயர்பட் போட்ட?" என்றான். சரியான பதில்தான். இசையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கும் வசதியான வழி, நான் இறங்கிக்கொள்ளலாம் பாருங்கள். ஆனாலும் கேள்வி முழுசாகப் போகவில்லை.

முதலில் எனக்குத் தோன்றிய பதில், தேர்வு என்பது. நிக்கோலைசன் தன் குரலைத் தானே மூழ்கடித்துக்கொள்கிறார். மிக்ஸிங் மேசையில் ஒரு கைப்பிடியை மேலே தள்ளினால் குரல் வெளியே வந்துவிடும். அவர் தள்ளவில்லை. பாய்க்கு அப்படி ஒரு கைப்பிடி கிடையாது. மங்கலாக்கிக்கொள்வது வேறு, மங்கலாக்கப்படுவது வேறு. தெளிவாகப் பேசித் திரும்ப முடிந்தவனுக்குத்தான் முணுமுணுப்பு ஒரு அழகு.

இது பெரும்பாலும் சரி. ஆனால் முழுக்கச் சரியில்லை. மை பிளடி வேலன்டைனின் கெவின் ஷீல்ட்ஸ் தனக்குக் காதில் இரைச்சல் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர். 2008-இல் அந்தக் குழு மறுபடி மேடையேறியபோது வாசலில் ரசிகர்களுக்கு இயர்பிளக் கொடுத்தார்கள். ஒரே பஞ்சு பிளக், லண்டனில் கச்சேரி வாசலில், பிறையில் பிரஸ் கூடத்தின் வாசலில். அங்கே விருப்பப்பட்டவர்கள் காசு கொடுத்து உள்ளே போகிறார்கள், இங்கே காசு வேண்டும் என்பதால் உள்ளே போகிறார்கள். ஆனால் தேர்ந்தெடுத்தவர்களின் காதும் அதே மாதிரிதான் பழுதாகிறது. எனவே தேர்வு என்ற ஒரு சொல்லால் பாடுபவரைப் பற்றிய கேள்வி தீரலாம், கேட்பவனைப் பற்றிய கேள்வி தீராது.

கேட்பவனைப் பற்றி யோசித்தால் நமக்கே தெரிந்த ஒன்று இருக்கிறது. தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருவதுதான் தமிழ் என்ற கிண்டலை இந்த நாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருமுறையாவது கேட்டிருக்கும். இடைநிலைப்பள்ளியில் பஸ்ஸின் பின்சீட்டில் நானும் கேட்டேன். அப்போது எனக்கு எரிந்தது அவர்களுக்கு என் மொழி புரியவில்லை என்பதால் அல்ல. எனக்கும் ஹொக்கியன் புரியாது. நான் பேசுவது பேச்சு என்பதையே அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால். புரியாமை குற்றமில்லை. புரிய என்ன இருக்கிறது என்ற முடிவுதான் குற்றம்.

இப்போது அதே நாட்டில் நாம் 'பங்ளா' என்று சொல்கிறோம். கேன்டீனில் நாலு பேர் சேர்ந்து வங்காளத்தில் பேசினால், 'என்னமோ சளசளன்னு' என்கிறோம். டின்னும் கல்லும் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போ செரீனா-மனீஷை நான் கேட்டதும் அந்த வகைதானா? நேர்மையாகச் சொன்னால், பாதி. நான் அந்தக் குரலை வெறுக்கவில்லை, நேசித்தேன். ஆனால் நேசித்த காரணத்தில் ஒன்று, அது என்னிடம் எதையும் கேட்காது என்பது. அந்தப் பழக்கம் ஹெட்போனோடு நிற்கவில்லை. பதில் சொல்லத் தேவையில்லாத குரலுக்குக் காது பழகிவிட்டால், பதில் சொல்லத் தேவையுள்ள குரல் வரும்போதும் காது அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. "ஓகே ஓகே" என்று நான் தலையாட்டியது ஒரு ரசிகனின் தலையாட்டல்.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆல்பத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். இந்த இசை ஒழுங்காகக் கேட்பவனைச் சோம்பேறியாக்குவதில்லை. சொல் கைக்குக் கிடைக்காததால் காது முன்னால் நீள்கிறது. நூறாவது முறை கேட்கும்போது இரைச்சல் என்று நினைத்த இடத்தில் இரண்டு கிட்டார் தனித்தனியாகத் தெரியும், இருநூறாவது முறை ஒரு பெண்குரல் பின்னால் நிற்பது தெரியும். பாய் அச்சின் தேய்மானத்தைக் கேட்ட காது அப்படிப்பட்டதுதான். சத்தத்தைச் சத்தமாக விட்டுவிடாத காது. அந்த ஆல்பம் என்னிடம் கேட்டிருந்தால் அதைத்தான் கேட்டிருக்கும். நான்தான் அதைச் சுவராகப் பயன்படுத்தினேன். வாத்தியார் வீட்டுக் கதவை எடுத்து வேலி கட்டியவன் மாதிரி.

பாய் இப்போது பேக்கிங் பகுதியில் இருக்கிறார். சத்தம் இல்லாத இடம். ஓவர்டைமும் இல்லாத இடம். அதனால் ஊருக்கு அனுப்பும் பணம் குறைந்துவிட்டது என்று அவர் சொன்னபோது முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். இப்போதெல்லாம் அவரிடம் அப்படித்தான் பேசுகிறேன், அவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார். மன்னிப்பு கேட்டேனா என்றால், கேட்டேன். மலாயில் என்னிடமும் அவ்வளவு சொற்கள் இல்லை. அவர் பரவாயில்லை என்பது மாதிரி கையை அசைத்தார். அந்தக் கையசைப்பு எதை மன்னித்தது, எதை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ஏழு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

போன மாதம் கேன்டீனில் என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் காட்டி, எப்பவும் என்னதான் கேட்பாய் என்றார். சத்தத்தை நன்றாகக் குறைத்து, அவர் தலையில் மாட்டிவிட்டேன். 'டிரெயின் காஸ்மெட்டிக்ஸ்'. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிரஸ் அருகில் நின்று அச்சைக் கேட்ட அதே முகம்.

"மெசின், போஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"தாலாம் ஆடா ஓராங்."

உள்ளே ஒரு ஆள் இருக்கார்.

என்ன சொல்றார் என்று கேட்டேன். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தன் மலாயில் மெதுவாகக் கேட்டார். இத்தனை வருஷமா நீதானே கேக்கறே, உனக்குத் தெரியாதா?

தெரியாது என்றேன்.